ஏத்தங்குலையும் மூன்றாவது கட்டமும்

ஆவணியில் திருவனந்தபுரம் ஓரிடத்தில் உட்காராது. மழை முன்னால் ஓடும். வெயில் துவர்த்துத் துண்டும் கையுமாய்ப் பின்னால் ஓடி ஓட்டுக் கூரைகளைத் துடைத்துவிடும். துடைத்த இடத்தில் மறுபடி மழை. ஓணம் நெருங்கினால் மணமும் சேர்ந்துகொள்ளும். ஏத்தன் பழம், அதுதான் நேந்திரம் பழம், பழுக்கிற மணம், எண்ணெயில் உப்பேரி வறுவல் பொரிகிற மணம், புதுக்கோடி வேட்டியின் கஞ்சி மணம். இன்றைக்கும் ஏத்தங்குலை பழுத்துத் தொங்குகிற வீட்டுக்குள் நுழைந்தால் என் வலது கை தன்பாட்டுக்கு ஒரு சாக்பீஸைத் தேடுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் பொதுத் தேர்தல் முடிந்த வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே, கோட்டைச் சுவர் திரும்புகிற முக்கில், ஒரு வக்கீல் வீட்டில் கிளார்க் வேலை. வக்கீல் சுயேச்சையாக நின்று, நின்றவருக்கே ஆச்சரியமாக, ஜெயித்துச் சட்டசபைக்குப் போயிருந்தார். ஆள் ஒல்லி, குரல் பெரிசு. கோட்டுப் பை நிறையத் துண்டுச் சீட்டுகள்; ஒருதரம் இருமினால் இரண்டு கீழே விழும். பொறுக்கி எடுத்து டைப் அடிக்கிறது என் பிழைப்பு.

அவருக்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பித்து. தேர்தலுக்கு யார் வண்டி விட்டார்கள், யார் பந்தல் போட்டார்கள், ஜெயித்த பிறகு யார் எதைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள், எல்லாவற்றையும் உறுப்பினர் எழுதி ஊர் பார்க்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நான் அதைப் பதினோரு தடவை டைப் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கால்புள்ளி இடம் மாறும்.

நகலைச் சட்டசபைத் தாழ்வாரத்தில் சக உறுப்பினர் ஒருவரிடம் காட்டினாராம். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தாராம். "வக்கீலே, முதல்ல உம்ம வீட்டு வாசல்ல எழுதித் தொங்கவிடும். ஓணம் வரட்டும், பாப்போம்."

ஓணம் வரட்டும் என்று அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஓணத்துக்குக் காழ்ச்சக்குலை என்று ஒன்று உண்டு. குடியானவர் தோட்டத்திலேயே முதல்தரமான ஏத்தங்குலையை வெட்டித் தோளில் சுமந்து நிலத்துக்காரர் முற்றத்தில் கொண்டு சார்த்துவார். அவர் ஒரு கோடி வேட்டி கொடுத்து அனுப்புவார். ராஜாவும் ஜமீனும் ஓய்ந்து, ஓட்டும் சட்டசபையும் வந்தபோது குலைகளுக்கு முகவரி மாறிற்று, அவ்வளவே. காண்ட்ராக்டர், லைசென்ஸ்காரர், மகனுக்கு மாற்றல் வேண்டியவர், எல்லோரும் குலையைத் தூக்கிக்கொண்டு உறுப்பினர் வீடுகளுக்கு நடந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியாது. வாசலுக்கு வந்த குலையைத் திருப்புவது முகத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

வக்கீல் யோசித்தார், இருமினார், இரண்டு சீட்டு விழுந்தது. ஒன்றில் "கரும்பலகை" என்று இருந்தது.

மூடிப்போன ஒரு டியூட்டோரியலிலிருந்து பலகை வந்தது. வலது மூலையில் யாரோ ஆணியால் கீறிய முக்கோணம் ஒன்று, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. கேட்டில் மாட்டினோம். இரண்டு கட்டம்: கொண்டுவந்தவர், கொண்டுவந்தது. மலையாளத்தில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் ஒரு வரி, இரண்டும் என் கையெழுத்து. வந்த குலை வீட்டுக்குள் நுழையாது. கேட்டருகே நட்ட மூங்கிலில் தொங்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பிய்த்துத் தின்னலாம்.

ஓணத்தின் பத்து நாளில் முதல் நாளான அத்தம் காலையில் நாலு பேர் எழுதப்பட்டார்கள். வக்கீலுக்கு ஒரே உற்சாகம். "எடோ, பாரு, நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள்.

அதற்கடுத்த நாள் கேட்டுக்கு வெளியே வரிசை. எனக்குப் புரிய ஒரு பகல் பிடித்தது. கோயில் மதிலைச் சுற்றியே வளர்ந்த ஊர் இது. விளக்குக் கம்பத்தில், மணியில், தண்ணீர்த் தொட்டியில் பெயர் பார்த்தே பழகிய கண்கள். பலகையில் பெயர் எழுதி வாசலில் தொங்கவிட்டால் அது உபயக்காரர் பட்டியல்தான், வேறென்ன? ஒரு காண்ட்ராக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"ஏய், என் பேரை இத்தனை சின்னதா எழுதினா எப்படி? அவன் கொண்டு வந்தது ஒரு குலை. நான் ரெண்டு. கண்ணு தெரியலியா?"

"ரெண்டுன்னு எழுதியிருக்கேனே சார்."

"எழுத்தும் ரெண்டு மடங்கா இருக்க வேண்டாமா?"

இன்னொருவர் தகப்பனாரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். தகப்பனார் காலமாகிப் பத்து வருஷமாம். புண்ணியம் போய்ச் சேரட்டுமாம். மூங்கில் குலை பாரத்தில் வளைந்தது. பழம் தின்று தின்று கிழக்கேகோட்டையே ஏப்பம் விட்டது. பஸ்ஸுக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பலகை வாசித்தார்கள். டியூட்டி முடிந்த ஒரு கண்டக்டர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, டிக்கெட் கொடுக்கிற அதே குரலில் உரக்க வாசித்தார்.

வக்கீலின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கதவுக்குப் பின்னால் நின்று மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"உங்க சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஊழலை ஒழிக்கிறேன்னு ஊழலுக்குத் திருவிழா நடத்துறீங்க."

"பின்னே என்ன செய்யச் சொல்றே?"

"யாரு, என்னன்னு எழுதுனா பெருமை. எதுக்குன்னும் எழுதுங்க. எத்தனை பேரு நிக்கிறான்னு பாக்கலாம்."

அன்று மத்தியானமே மூன்றாவது கட்டம் போட்டேன். காரியம் என்ன? என்று தலைப்பு. வக்கீல் சட்டத்தின் நகலில் பன்னிரண்டாவது தடவையாக ஒரு திருத்தம் செய்தார். அதில் அக்காவின் பெயரைப் போடவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

வரிசையில் முதலில் நின்றவர் அந்த இரண்டு குலைக் காண்ட்ராக்டர், மூன்றாவது குலையோடு. நான் சாக்பீஸைத் தூக்கி, "காரியம் என்ன சார்?" என்றேன். அவர் பலகையைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். தோளிலிருந்த துவர்த்தை எடுத்து, முந்தின நாள் எழுதியிருந்த தன் பெயரைத் தானே துடைத்தார். குலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே வரிசை கரைந்தது, வெயில் வந்ததும் காணாமல் போகிற ஆவணித் தூறல் மாதிரி. அக்கா உள்ளே போய் மாவைப் பிசைந்தார்.

என் மாமனாருக்கு இந்த மூன்றாவது கட்டம் தெரியாது. அவர் மலையடிவாரத்து வித்துராவில் அரிசி மண்டி வைத்திருந்தார். பூர்வீகம் நாஞ்சில் நாடு. பேச்சில் அந்த வயல் ஈரம் போகவே இல்லை. மேலே போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு ரேஷன் அரிசி அவர் கிடங்கிலிருந்துதான் ஏறும். மலைப்பாதையில் அவருடைய ஒரே லாரி முனகிக்கொண்டு போகும். அந்த லாரியைத் தேர்தலின்போது மூன்று நாள் வக்கீலுக்கு விட்டுக்கொடுத்தார், நான் போய்க் கேட்டேன் என்பதற்காக. கிடங்கு லைசென்ஸ் அந்த ஓணத்தோடு முடிகிறது. புதுப்பிக்கச் சிபாரிசு செய்கிற உணவுக் கமிட்டியில் வக்கீலும் ஒருவர். மாமாவின் மனு என் மேசையில்தான் இருந்தது. மேலே ஒரு கல் வைத்திருந்தேன், காற்றில் பறக்காமல்.

என் வீட்டுக்காரிக்கு அப்போது ஏழாம் மாதம். ஓணம் முடிந்ததும் பிரசவத்துக்கு வித்துரா போக வேண்டும். அம்மா வீட்டு முற்றம், மலைக்காற்று என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை லாரி வந்து நின்றது. மாமா இறங்கினார். பின்னாலிருந்து இரண்டு ஆள் ஒரு குலையை இறக்கினார்கள். குலை என்று சும்மா சொல்லக்கூடாது. பொன்னை உருக்கி வளைத்த மாதிரி, ஒரு காய் என் முழங்கை நீளம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒரு அடி விலகி மரியாதை செய்தார்கள். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் மட்டும் பலகையோடு.

"மாப்ளே! வித்துரா பூரா இதே பேச்சு. கிழக்கேகோட்டையில் உம்ம கையால பேரு எழுதுதீராமே. எழுதும், எழுதும். நல்லா தடிச்சு எழுதும்."

"மாமா, அது வந்து..."

"வந்துட்டேன்லா. ஒரு குலைன்னு போடும். தேர்தலுக்கு மூணு நாள் லாரி விட்டேனே, அதையும் போடும். டீசல், டிரைவர் எல்லாம் நம்ம செலவுதான்னு போடும். சும்மாவா செஞ்சோம்?"

சொல்லச் சொல்ல என் கை எழுதிற்று. வக்கீலின் சட்டம் எந்த உறுப்பினரின் வாயிலிருந்து எதைப் பிடுங்க நினைத்ததோ அதை என் மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடுத்தெருவில், தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டமும் நிறைந்தன. சாக்பீஸ் மூன்றாவதில் போய் நின்றது.

"அது என்னது, காலியா கிடக்கு?"

"காரியம் என்னன்னு எழுதணும் மாமா."

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். மாமா பலகையை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார். முகத்தில் வெயில் போய் மழை வந்தது.

"காரியமா? மாப்ளையைப் பாக்க வந்தேன். ஓணத்துக்கு மருமகனுக்குக் குலை கொண்டு வாறது தப்பா? இது வக்கீலுக்கு இல்ல வே, உமக்கு. துடையும்."

துடைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு வீச்சு என் தோள்பட்டையில் இருக்கிறது. துடைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை மட்டும் நின்றது. குலை என் வீட்டுக்குப் போயிற்று.

எங்கள் வீடு இரண்டு அறை. குலையை நடு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். நடந்ததைக் கேட்டு என் வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவின் முகத்தை நடித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தான், அப்பா மனு உங்க மேசையிலதானே கிடக்கு?"

"கிடக்கு."

"கல்லுக்கு அடியிலயா?"

"ஆமா."

"அப்ப இந்தப் பழம் எனக்கு வேண்டாம்."

மசக்கை விட்ட நாளிலிருந்து ஏத்தன் பழம், ஏத்தன் பழம் என்று என்னைப் பிய்த்துத் தின்றவள் அவள். குலை பழுத்தது. மஞ்சளில் கறுப்புப் புள்ளி விழுகிற பக்குவம். இரண்டு அறையும் தேன் குடம் கவிழ்ந்த மாதிரி மணந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றாள். கடித்த சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

"பலகையில எழுதினா வித்துரா போக முடியாதே," என்றேன். "உங்க அப்பா வாசல்ல ஏத்துவாரா?"

"அது எனக்குத் தெரியாதா? எனக்கு அந்த வீட்டுல போய்த்தான் பிள்ளை பெறணும்னு ஆசை. அதுக்காக என்னைப் பாத்தா முழிக்கிற ஒருத்தரோட குடித்தனம் பண்ண முடியுமா? குலை வந்த நாளிலேருந்து நீங்க திருடன் மாதிரி முழிக்கிறீங்க."

கண்ணாடியில் பார்த்தேன். ஓரளவு அப்படித்தான் இருந்தது.

உத்திராட நாள். ஓணத்துக்கு முந்தின நாள் ஊரே சாலைக் கடைத்தெருவில் இறங்கியிருந்தது. எல்லோரும் குலையை வாங்கி வீட்டுக்குப் போக, நான் ஒருத்தன் குலையைத் தோளில் போட்டு வீட்டிலிருந்து வெளியே போனேன். எதிரே வந்தவர்கள் "என்ன விலை?" என்று கேட்டார்கள். வேகமாக நடந்தேன். காம்பிலிருந்து கறை சொட்டிச் சட்டை கறுத்தது. மூங்கிலில் கட்டினேன். சாக்பீஸை எடுத்தேன்.

கொண்டுவந்தவர்: வித்துரா அரிசி மண்டிக்காரர். கொண்டுவந்தது: குலை ஒன்று, தேர்தலில் லாரி மூன்று நாள். காரியம்: ரேஷன் கிடங்கு லைசென்ஸ். அதோடு நிறுத்த முடியவில்லை. வாங்கியவர் யார் என்று அந்தப் பலகையில் கட்டமே கிடையாது. எல்லாம் வக்கீலுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தோம். மூலையில் கீறியிருந்த முக்கோணத்துக்கு உள்ளே, இருந்த இடத்தில் நெருக்கி, "வாங்கியவர்: கிளார்க், மருமகன்" என்று எழுதினேன்.

வக்கீல் வெளியே வந்து வாசித்தார். இருமினார். ஒரு சீட்டும் விழவில்லை.

"எடோ, உன் கையெழுத்து இன்னைக்கு மோசமாயிருக்கு."

"ஆமா சார்."

"குலை உன்னுது. லாரி என்னுது அல்லே? அதை வாங்கினது நானு. அதுக்கு நேரா என் பேரை எழுது." எழுதினேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "கமிட்டியில் அந்த மனு வர்றபோ நான் எழுந்து வெளியே போயிடறேன். என் சட்டத்துல இதுவும் வேணும். ஒரு சீட்டு கொடு."

சட்டசபைச் சிரிப்புக்காரர் அன்றைக்கே காரில் வந்து இறங்கிப் பலகையை வாசித்தார். "வக்கீலே, உம்ம வீட்டுக்குள்ளயே திருடன் இருக்கானே!" என்று மனம் நிறையச் சிரித்தார். ஆனால் போகும்போது எங்கள் மூங்கிலில் ஒரு பழம் பிய்த்தார். கண்டக்டர் உடனே, "சார், பேரு? காரியம்?" என்றார். நின்ற கூட்டம் அடித்த ஆரவாரத்தில் பத்மநாபசுவாமி கோயில் புறாக்கள் பறந்தன.

கண்டக்டர் என் வரியையும் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் போனக்காட்டுப் பெண் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் புருஷனைப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்புகிறவள், தலையில் கொழுந்துக் கூடை கட்டித் தழும்பேறிய நெற்றி. "எந்த மண்டி? வித்துரா மண்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் கண்டக்டர்.

"அந்த அரிசியா சாமி? உலை கொதிக்கிற நேரத்தைவிடக் கல்லுப் பொறுக்குற நேரந்தான் அதிகம். என் பிள்ளைக்குப் பல்லே ஒடஞ்சுபோச்சு. யாருகிட்ட சொல்லணும்னு தெரியாமக் கெடக்கோம்."

"இங்கதான் சொல்லணும் தாயி," என்று கண்டக்டர் என்னைக் காட்டினார்.

அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன், என் மாமனாரின் அரிசியைப் பற்றி. நடுவில் ஒருதரம் நிறுத்தி, "நீங்க அந்த மண்டிக்காரருக்கு உறவாமே?" என்றாள். ஆமாம் என்றேன். "பாவம்," என்று சொல்லிவிட்டு மீதியையும் சொன்னாள். அடுத்த வாரம் எஸ்டேட்டிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கல்லோடு வந்தார்கள்.

விசாரணை நடந்தது. வக்கீல் சொன்னபடி எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றார். கிடங்கு வேறொருவருக்குப் போயிற்று. மாமாவிடமிருந்து லாரி டிரைவர் வழியாக ஒரே ஒரு வாக்கியம் வந்தது: "அந்த வீட்டு வாசப்படியில இனி என் கால் படாது." பிரசவ யாத்திரை ரத்து. என் வீட்டுக்காரி வித்துராவுக்குக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து மறுபடி பெட்டியில் அடுக்கினாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரித்திருப்பாள், அது இன்னும் கஷ்டம். கார்த்திகை மழையில் இங்கேயே, பெண்கள் ஆஸ்பத்திரியில், பெண் பிறந்தாள். மாமியார் முதல் பஸ் பிடித்து ஓடிவந்தார். மாமா வரவில்லை.

சட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதை எடுப்பதற்குள் சபையில் ஆளும் பக்கத்துக்கு ஆள்கணக்கு குறைந்து, எதை எடுக்கவும் யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. வக்கீலின் நகல்கள் அத்தனையும் கயிறு சுற்றிய ஒரே கட்டுக்குள் அடங்கின. பலகையை மட்டும் அவர் கழற்றவில்லை. அடுத்த ஓணத்துக்கு அதில் ஏறினவை மொத்தம் நாலே நாலு குலைகள். நாலுக்கும் காரியக் கட்டத்தில் ஒரே பதில்: "சும்மா." அதை நம்பினவர் கிழக்கேகோட்டையில் ஒருவரும் இல்லை.

அதே ஓணத்தில், திருவோணத்தன்று காலை, வித்துரா பஸ்ஸின் கிளீனர் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குலையை இறக்கிவிட்டுப் போனான். போன வருஷத்துக் குலையின் பாதிகூட இல்லை. காம்பில் நூல் சுற்றி ஒரு காகிதம். அதில் மாமா தன் மண்டிக் கையெழுத்தில், ஸ்கேல் வைத்து, மூன்று கட்டம் போட்டிருந்தார்.

கொண்டுவந்தவர்: தாத்தா. கொண்டுவந்தது: குலை ஒன்று, சின்னது. காரியம்: பேத்தியைக் காணணும்.

என் வீட்டுக்காரி அதை ஒருதரம் வாசித்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மாமா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! டீ குடிச்சது போதும், வாங்க. காரியம் பாஸ் ஆயிடுச்சு."

வந்தார். வாசப்படியில் ஒரு நொடி நின்று, கால் பட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி கீழே பார்த்தார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது. என் வீட்டுக்காரி குலையிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றைப் பிய்த்தாள், தோலை உரித்தாள், போன ஓணத்திலிருந்து பாக்கி நின்ற அந்தக் கடியை இப்போது கடித்தாள்.

மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழத்திலயும் கல்லு கிடக்கான்னு பாத்துத் தின்னு, மக்களே," என்றார்.